கணினியில் அனிமே ஆர்பிஜி: முதல் கேமை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அனிமே பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்துவிடும்: இதே மாதிரி ஒரு கதைக்குள் நாமே நுழைந்து, நாமே சண்டை போட்டு, நாமே நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு போக முடிந்தால் எப்படி இருக்கும்? அதற்கான கேம்கள், அதாவது ஒரு பாத்திரமாகவே கதைக்குள் வாழும் ஆர்பிஜிகள், கணினியில் இன்று கொட்டிக் கிடக்கின்றன. பத்து, பதினைந்து வருடங்களுக்கு முன்பு இவற்றில் பெரும்பாலானவை பிளேஸ்டேஷன், நின்டெண்டோ வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான். இப்போது கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமைத் திறந்து 'ஜேஆர்பிஜி' (ஜப்பானிய ஆர்பிஜி) என்று தேடினால் பட்டியல் முடிவதே இல்லை.

புதிதாக வருகிறவர் தடுமாறுவதும் அங்கேதான். யாரைக் கேட்டாலும் பெர்சோனா 5 என்பார்கள். நல்ல கேம்தான், மறுப்பே இல்லை. ஆனால் முடிக்க நூறு மணி நேரம் ஆகும். தினமும் ஒரு மணி நேரம் கிடைக்கிறவருக்கு அது மூன்று மாதத்துக்கு மேல். பாதி வழியில் அலுத்துப்போய், 'இந்த வகையே நமக்கு ஒத்துவராது' என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் உண்டு. அதனால் புகழைப் பார்த்து முதல் கேமை எடுக்காதீர்கள். உங்களால் கடைசிவரை போக முடிகிற ஒன்றை எடுங்கள். அதற்குக் கணினி, சண்டை முறை, நேரம் என்று இதே வரிசையில் பார்த்துக்கொண்டே வந்தால் போதும்.

படி 1: உங்கள் கணினி எதைத் தாங்கும்?

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால் ரேம் எவ்வளவு, கிராபிக்ஸ் எது என்று தெரியும். ஜிபியு என்ற இடத்தில் இன்டெல் யுஎச்டி மாதிரி ஒரு பெயர் மட்டும் இருந்தால் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை என்று அர்த்தம். கவலைப்பட வேண்டாம், இந்த வகையில் பழைய கணினிக்கும் தீனி உண்டு.

தனி கார்டு இல்லாத லேப்டாப் என்றால்: ட்ரெய்ல்ஸ் இன் தி ஸ்கை (ஜப்பானில் 2004-இல் வந்த மூல வடிவம், ஆங்கிலத்தில் ஸ்டீமுக்கு வந்தது 2014), ஈஸ் ஆரிஜின், கிராஸ்கோட், ரெசெட்டியர். இந்த நான்கும் மிக லேசானவை. பெர்சோனா 4 கோல்டனும் பழைய கேம் என்பதால் அமைப்புகளைக் கொஞ்சம் குறைத்தால் ஓடிவிடும். அது கேட்கும் இடமும் 14 ஜிபிதான்.

4 ஜிபி நினைவகம் உள்ள ஜிடிஎக்ஸ் 1650 போன்ற ஒரு கார்டும் 8 ஜிபி ரேமும் இருந்தால் இந்தக் கட்டுரையில் வரும் பெரும்பாலான கேம்களை ஆடலாம். டிராகன் குவெஸ்ட் 11 எஸ், பெர்சோனா 5 ராயல், ஈஸ் 8, டேல்ஸ் ஆஃப் அரைஸ் எல்லாம் இந்த வரம்புக்குள் அடங்கும். ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீமேக், மெட்டாஃபர் ரீஃபேன்டாசியோ போன்றவற்றுக்கு இதைவிட நல்ல கணினி வேண்டும்.

ஒரு சின்ன விஷயம், பலரைப் படுத்துவது: சில லேப்டாப்களில் இரண்டு கிராபிக்ஸ் இருக்கும். கேம் தவறிப்போய் பலவீனமானதில் ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்பிளே, அதற்குள் கிராபிக்ஸ் என்ற பக்கத்தில் அந்த கேமைச் சேர்த்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றிவிடுங்கள். கணினியே பத்தாது என்று கைவிட்ட கேம் இதற்கப்புறம் சரளமாக ஓடுவது உண்டு.

படி 2: யோசித்து அடிப்பதா, உடனே அடிப்பதா?

இந்த வகை கேம்களில் சண்டை பெரும்பாலும் இரண்டு விதம். முதலாவது டர்ன் முறை. உங்கள் முறை வரும்வரை எதிரி காத்திருப்பான், எதிரியின் முறை வரும்போது நீங்கள் காத்திருக்க வேண்டும். அவசரம் இல்லை. எழுந்து போய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் அரக்கன் அங்கேயே நின்றுகொண்டிருப்பான். வேகம் தேவையில்லை, கணக்குத்தான் தேவை. பெர்சோனா கேம்களில் எதிரி எந்த வகைத் தாக்குதலைத் தாங்கமாட்டான் என்று கண்டுபிடித்து அதைக் கொண்டு அடித்தால் அவன் கீழே விழுவான், உங்களுக்கு இன்னொரு முறை கிடைக்கும். எல்லா எதிரிகளையும் இப்படி வீழ்த்தினால் உங்கள் அணி மொத்தமும் சேர்ந்து பாய்ந்து அடிக்கலாம். இந்த ஒரு விதியின் மேல்தான் அந்தத் தொடரின் மொத்தச் சண்டையும் நிற்கிறது.

இரண்டாவது ஆக்‌ஷன் முறை. ஓடுவது, விலகுவது, வெட்டுவது எல்லாம் அந்தந்த நொடியில். ஈஸ் 8-இல் எதிரி அடிக்கும் சரியான கணத்தில் விலகினால் சுற்றியுள்ள எல்லாம் ஒரு நொடி மெதுவாகிவிடும், நீங்கள் மட்டும் வேகமாக இருப்பீர்கள். கைக்குப் பழகிவிட்டால் அந்த சுகமே தனி.

எது பிடிக்கும் என்று தெரியாவிட்டால் டர்ன் முறையில் தொடங்கச் சொல்வேன். கேம் ஆடிப் பழக்கமே இல்லாதவருக்கும் அது கைகொடுக்கும்.

படி 3: நேரக் கணக்கு

தோராயமாகச் சொன்னால், ஈஸ் ஆரிஜினில் ஒரு பாத்திரத்தின் கதை பத்து மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். டேல்ஸ் ஆஃப் அரைஸ், ஈஸ் 8, ட்ரெய்ல்ஸ் முதல் பாகம் மூன்றும் நாற்பது மணி நேரத்தைச் சுற்றி. டிராகன் குவெஸ்ட் 11 அறுபதைத் தாண்டும். பெர்சோனா 4 எழுபது, பெர்சோனா 5 ராயல் நூறு. வாரத்துக்கு ஐந்து மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் நாற்பதுக்கு மேல் போகாதீர்கள். பரீட்சை முடிந்து நீண்ட விடுமுறை இருக்கிறது என்றால் கதையே வேறு.

படி 4: நான் கைகாட்டும் கேம்கள்

டிராகன் குவெஸ்ட் 11 எஸ். கொஞ்சமும் யோசிக்காமல் முதலில் சொல்வது இதைத்தான். டிராகன் பால் வரைந்த அகிரா தொரியாமாவின் கைவண்ணம். 1986-இல் வந்த முதல் டிராகன் குவெஸ்டிலிருந்தே பாத்திரங்களை வடிவமைத்தவர் அவர்தான். உலகைக் காக்கப் பிறந்த வீரன் என்ற அரதப்பழசான கதைதான். ஆனால் கூட வருகிறவர்கள் அத்தனை பேரும் மனதில் நிற்பார்கள், குறிப்பாக சர்க்கஸ் கலைஞன் சில்வாண்டோ. சண்டை மிக எளிய டர்ன் முறை. விரும்பினால் நண்பர்களைத் தானாகவே சண்டை போடச் சொல்லிவிட்டு நாயகனை மட்டும் இயக்கலாம். இதைவிட முக்கியமான காரணம், இதற்கு இலவச டெமோ இருக்கிறது. அதில் பத்து மணி நேரம்வரை ஆடலாம், பிடித்து முழு கேமை வாங்கினால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். புதியவருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. ஒன்றே ஒன்று: தொடக்கத்தில் 'டிராகோனியன் குவெஸ்ட்' என்று சில கடினத் தேர்வுகளைக் காட்டும். எதையும் தொடாமல் தாண்டிப் போங்கள்.

பெர்சோனா 4 கோல்டன். பிளேஸ்டேஷன் 2-இல் 2008-இல் வந்தது, மெருகேற்றிய வடிவம் 2012-இல், கணினிக்கு 2020-இல். நகரத்திலிருந்து இனாபா என்ற சிற்றூருக்கு ஒரு வருடம் மாமா வீட்டில் தங்கிப் படிக்க வருகிறான் ஒரு பையன். வந்த சில நாட்களிலேயே ஊரில் ஒரு கொலை. மழை பெய்யும் நள்ளிரவில் அணைத்துவைத்த டிவியைப் பார்த்தால் அதில் யாரோ தெரிவதாக ஒரு வதந்தி. பகலில் பள்ளிக்கூடம், நட்பு, பகுதிநேர வேலை. பிறகு டிவிக்குள் இருக்கும் இன்னொரு உலகில் சண்டை. கேமின் உயிர் அந்தப் பள்ளி, நட்பு வாழ்க்கையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு நாள் மாலையும் யாரோடு செலவழிப்பது என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும், எல்லாருக்கும் நேரம் போதாது. மாமா மகள் நானாகோவோடு உட்கார்ந்து டிவி பார்க்கும் மாலைக்கும் சண்டைக்கும் இடையே தேர்வு வரும்போது, சண்டை தோற்றுவிடும்.

இங்கே புதியவர் அறிய வேண்டியவை இரண்டு. கடத்தப்பட்டவரை, தொடர்மழைக்குப் பின் ஊரில் மூடுபனி இறங்குவதற்குள் மீட்டாக வேண்டும். தவறினால் கேம் ஓவர். ஆகவே வானிலை அறிவிப்பை அலட்சியம் செய்யாதீர்கள், உள்ளே போகும் நாள்களை முன்னாலேயே வைத்துக்கொண்டு மிச்ச நாள்களை நண்பர்களுக்குக் கொடுங்கள். இரண்டாவது, முதல் இரண்டு, மூன்று மணி நேரம் ஏறக்குறைய எதையுமே விளையாட மாட்டீர்கள், வசனம்தான் ஓடும். பொறுமையாக இருங்கள்.

ஈஸ் 8. கப்பல் கவிழ்ந்து ஆளில்லாத் தீவில் ஒதுங்குகிறான் செந்நிற முடிக்காரன் அடோல். சிதறிக் கிடக்கும் பயணிகளை ஒவ்வொருவராகத் தேடிக் கண்டுபிடித்துக் கடற்கரையில் ஒரு குடியிருப்பை உருவாக்க வேண்டும். பாதையை மறித்துக் கிடக்கும் பாறைகளை நகர்த்தவே இத்தனை பேர் சேர வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அதனால் ஆள் தேடுவதும் தீவைச் சுற்றிப் பார்ப்பதும் ஒரே வேலை ஆகிவிடுகிறது. ஆக்‌ஷன் பிரியர்களுக்கு என் முதல் தேர்வு. கணினி வடிவம் 2018-இல் வந்த புதிதில் தடுமாறியது, பிறகு வந்த பேட்ச்களில் (திருத்தங்களில்) தேறிவிட்டது. தலைப்பில் 8 என்று இருப்பதால் முந்தைய ஏழையும் ஆட வேண்டுமா என்றால், வேண்டாம்.

டேல்ஸ் ஆஃப் அரைஸ் (2021) காட்சி அழகில் இவை எல்லாவற்றையும் மிஞ்சும். வலியே உணராத ஒருவன், தொட்டவரை முள்ளாகக் குத்தும் சாபம் பெற்ற ஒருத்தி என்று கதை தொடங்கும் விதம் அருமை. பின்பாதி கொஞ்சம் இழுவை என்பது என் எண்ணம்.

ட்ரெய்ல்ஸ் இன் தி ஸ்கை புத்தகம் படிக்கிறவர்களுக்கான கேம். ஊரில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு, கதை நகர நகர அவர்கள் பேசுவதும் மாறும். ஏற்கெனவே திறந்த பெட்டியை மறுபடி திறந்து பாருங்கள், ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள் அங்கே கிண்டல் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் பாகம் உங்களை அந்தரத்தில் நிறுத்திவிட்டுப் போய்விடும், இரண்டாவதை ஆடாமல் தூக்கம் வராது. அதற்குப் பிறகும் ஒரே கண்டத்தில் ஒரே பெருங்கதையாகப் பத்துக்கும் மேற்பட்ட கேம்கள் நீள்கின்றன. நல்ல கணினி உள்ளவர்கள் 2025 செப்டம்பரில் வந்த முப்பரிமாண மறு ஆக்கத்திலிருந்து தொடங்கலாம்.

நி நோ குனி முதல் பாகத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அனிமேஷன் காட்சிகள் ஸ்டூடியோ கிப்லி, இசை ஜோ ஹிசாய்ஷி. கண்ணும் காதும் நிறையும், சண்டை முறை மட்டும் பொறுமையைச் சோதிக்கும்.

தொடர் வரிசையைப் பற்றி: டிராகன் குவெஸ்ட், பெர்சோனா, டேல்ஸ், ஈஸ், ஃபைனல் ஃபேன்டஸி ஆகியவற்றில் எண் மாறினால் பொதுவாகக் கதையும் மாறிவிடும், எதிலிருந்தும் தொடங்கலாம். ட்ரெய்ல்ஸுக்கும், அட்லியர் ரைசாவின் மூன்று பாகங்களுக்கும் வரிசை முக்கியம்.

படி 5: வாங்கும்போது

ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணிக்குக் குறைவாக இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நல்ல வசதிதான், ஆனால் இந்த வகைக்கு அது பாதிதான் உதவும். மேலே சொன்ன மாதிரி, பெர்சோனாவில் இரண்டு மணி நேரத்தில் கதை இன்னும் சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும். அந்த இரண்டு மணி நேரத்தைக் கணினியில் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். பிடிக்குமா என்று பார்க்க டெமோதான் சரி. டிராகன் குவெஸ்டைத் தவிர மெட்டாஃபருக்கும் டெமோ உண்டு, அதிலும் சேவ் (ஆடிய நிலையின் பதிவு) தொடரும்.

டீலக்ஸ், அல்டிமேட் என்று விலை ஏறிக்கொண்டே போகும் பதிப்புகளில் பெரும்பாலும் உடைகள், பாடல்கள், தொடக்கத்திலேயே கிடைக்கும் பலமான பொருள்கள்தான் இருக்கும். அந்தப் பலமான பொருள்கள் சண்டையின் ருசியைக் கெடுத்துவிடும். அடிப்படைப் பதிப்பே போதும். ஆனால் கோல்டன், ராயல், எஸ் போன்ற பெயர்கள் வேறு வகை: அவை விரிவாக்கப்பட்ட முழு கேம். அவசரம் இல்லை என்றால் விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டுப் பருவத் தள்ளுபடிக்குக் காத்திருங்கள். பழைய கேம்களின் விலை நன்றாகவே இறங்கும்.

மொழி? இவற்றில் எதிலும் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் ஜப்பானியக் குரலும்தான் அனிமே பார்த்தவர்களுக்குப் பழக்கமான சேர்க்கை. பெரும்பாலானவற்றில் அப்படி மாற்றிக்கொள்ளலாம். வாசிப்பு அதிகம் என்பதால் ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் ட்ரெய்ல்ஸைத் தள்ளிவைத்து ஈஸில் தொடங்குவது நல்லது.

படி 6: ஆடத் தொடங்கும் முன்

கன்ட்ரோலர் ஒன்று இருந்தால் நல்லது. இவற்றில் பெரும்பாலானவை கன்சோலுக்காக உருவானவை, கீபோர்டில் ஆக்‌ஷன் கேம்கள் விரலை முறுக்கும். டர்ன் முறைக்குக் கீபோர்டே போதும். பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர் கையில் இருந்தால் அதையும் ஸ்டீம் ஏற்றுக்கொள்ளும். கேம் திக்கினால் முதலில் நிழல்களைக் குறையுங்கள், பிறகு ரெசல்யூஷன். ஃபிரேம் வேகத்தை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) 60-இல் நிறுத்திவிட்டால் லேப்டாப் சூடாவதும் குறையும்.

படி 7: முதல் பத்து மணி நேரம்

கடின அளவை 'நார்மல்' அல்லது 'ஈஸி'யில் வையுங்கள். இதில் மானப் பிரச்சினை எதுவும் கிடையாது. பெர்சோனா 5 ராயலில் மட்டும் 'சேஃப்டி' என்ற மிக எளிய அளவைத் தேர்ந்தெடுத்தால் பிறகு மாற்ற முடியாது, அதைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

சேவ் செய்வதை ஒரே இடத்தில் மறுபடி மறுபடி எழுதாமல் இரண்டு, மூன்று இடங்களில் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். நாள் கணக்கு ஓடும் பெர்சோனாவில் இது உயிர் காக்கும்.

மருந்துகளைச் சேர்த்து வைக்காதீர்கள். அரிய மருந்தை 'பெரிய சண்டைக்கு' என்று பத்திரப்படுத்தி, கடைசி வில்லன் செத்த பிறகும் பையில் அப்படியே வைத்திருப்பது இந்த வகை ஆடுகிறவர்களின் பொது வியாதி.

'பாஸ்' எனப்படும் பெரிய அரக்கன் ஒருவனிடம் மீண்டும் மீண்டும் தோற்றால், காட்டில் சுற்றி லெவல் ஏற்றுவதற்கு முன் பலம் கூட்டும், பலம் குறைக்கும் மந்திரங்களைப் பாருங்கள். புதியவர்கள் இவற்றை வீண் என்று ஒதுக்குவார்கள். எதிரியின் தாக்கும் பலத்தைக் குறைத்து, நம் தற்காப்பைக் கூட்டினாலே பாதிச் சண்டை முடிந்தது. பெர்சோனாவில் கூடுதலாக ஒன்று: பிடித்துப்போன பெர்சோனாவை (உங்களுக்காகச் சண்டை போடும் உருவை) கட்டிக்கொண்டு அழாமல் வெல்வெட் ரூம் என்ற இடத்தில் கலந்து புதியதை உருவாக்கிக்கொண்டே இருங்கள்.

கதையை இணையத்தில் தேடாதீர்கள். ஆனால் 'தவறவிட்டால் திரும்பக் கிடைக்காதவை' பட்டியலை மட்டும் கதை தெரியாமல் சொல்கிற இடத்தில் பாருங்கள். பெர்சோனா 5 ராயல் இதில் மோசமான குற்றவாளி. ஆலோசகர் மாருகியோடு உள்ள நட்பை நவம்பர் 18-க்குள் 9-ஆம் படிக்குக் கொண்டுபோகாவிட்டால், ராயலில் புதிதாகச் சேர்த்த கடைசிப் பகுதியே உங்களுக்குத் திறக்காது. அகேச்சி, கசுமி என்ற பாத்திரங்களோடு உள்ள நட்பையும் கூடக் கைவிட்டுவிடாதீர்கள். கேம் இதை வெளிப்படையாகச் சொல்லாது.

இலவச கேம்கள்

கென்ஷின் இம்பாக்ட் (2020), ஹொங்காய் ஸ்டார் ரெயில் (2023), வுதரிங் வேவ்ஸ் (2024). மூன்றும் இலவசம், மூன்றும் பார்க்கப் பிரமாதம். முதலாவதும் மூன்றாவதும் ஆக்‌ஷன், ஸ்டார் ரெயில் டர்ன் முறை. கதையை ஒரு காசு செலவில்லாமல் ஆட முடியும், அது உண்மை. பணம் போகும் வழி புதிய பாத்திரங்கள். அவற்றைக் கடையில் நேராக வாங்க முடியாது, குலுக்கலில்தான் எடுக்க வேண்டும். கென்ஷினில் ஐந்து நட்சத்திரப் பாத்திரம் விழும் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். 90 குலுக்கலுக்குள் ஒன்று நிச்சயம்; ஆனால் அது நீங்கள் ஆசைப்பட்டதாக இருக்கும் என்பது நிச்சயமில்லை. அதிர்ஷ்டம் முழுக்கக் கைவிட்டால் 180 குலுக்கல் வரை போகும். ஒரு குலுக்கலின் விலையை 180-ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு, அந்தத் தொகைக்கு எத்தனை முழு கேம்கள் வாங்கலாம் என்று கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று, இவை முடிவதே இல்லை. தினசரி வேலைகள், தானாக நிரம்பும் சக்தி அளவு என்று உங்களைத் தினமும் திறக்க வைக்கும்படிதான் கட்டியிருக்கிறார்கள். தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு கதையை அனுபவித்த பிறகு இவற்றுக்கு வாருங்கள். அதோடு, கென்ஷினுக்கு மட்டும் 100 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும்.

முதல் கேம் முடிந்த பிறகு

பெர்சோனா 4 பிடித்திருந்தால் பெர்சோனா 3 ரீலோட், பெர்சோனா 5 ராயல், பிறகு மெட்டாஃபர். அரைஸ் பிடித்தவருக்கு டேல்ஸ் ஆஃப் பெர்சீரியா. காட்சி பழையது, நாயகி வெல்வெட்டின் பழிவாங்கும் கதையோ அரைஸைவிட அழுத்தமானது. ஈஸிலிருந்து வருகிறவர் நியர் ஆட்டோமாட்டாவுக்குப் போகலாம். அழிந்த பூமியில் இயந்திரங்களோடு போரிடும் ஆண்ட்ராய்டுகளின் கதை. இயக்கியவர் யோகோ டாரோ, கணினிக்கு வந்தது 2017.

நியரில் ஒரு எச்சரிக்கை அவசியம். பெயர்ப்பட்டியல் ஓடியதும் முடிந்துவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். ஏ முதல் இசட் வரை 26 முடிவுகள் உண்டு, அவற்றில் கதைக்கு முக்கியமானவை முதல் ஐந்து. முதல் முடிவு வந்ததும் அதே சேவ் பதிவைத் திறந்து தொடருங்கள். இரண்டாவது சுற்று பார்த்ததையே பார்ப்பது போல இருக்கும், தாக்குப்பிடியுங்கள். மூன்றாவது சுற்று முற்றிலும் புதிய கதை. டிராகன் குவெஸ்ட் 11-க்கும் இதே பேச்சுத்தான்: பெயர்கள் ஓடி முடிந்த பிறகு அதே சேவ் பதிவைத் திறந்தால் மூன்றாம் பகுதி காத்திருக்கும். உண்மையான முடிவு அங்கேதான் இருக்கிறது.